ஆற்றுக்குச் செயின் பிடிப்பது எப்படி?

பொது அறிவுப் போட்டி என்றால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: உலகிலேயே நீளமான ஆறு எது? நைல், 6,650 கி.மீ. என்று மடமடவென்று சொல்லிடுவோம். ஆனால் 2007-ல் பிரேசில் ஆய்வாளர்கள், அமேசான் சுமார் 6,800 கி.மீ., அதுதான் முதலிடம் என்று அறிவித்தார்கள். சாட்டிலைட் படம் கையில் இருந்தும் ஏன் இந்தச் சண்டை? சர்வே படிக்கிற நமக்கு இது சுலபமாகவே புரியும், நண்பர்களே.

ஆற்றுக்குள் இறங்கி யாரும் 30 மீட்டர் செயினை இழுப்பதில்லை. மேப்பில்தான் அளக்கிறார்கள். 1:50,000 டோப்போ ஷீட்டில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. டிவைடரை 2 செ.மீ. விரித்து ஆற்றின் மேல் அடி அடியாக நகர்த்துங்கள். ஆறு எங்காவது 1,200 மீட்டர் சுற்றிவிட்டு, கிளம்பின இடத்துக்கு 300 மீட்டர் பக்கத்திலேயே திரும்பி வந்திருந்தால்? டிவைடர் அந்த வளைவை விழுங்கிவிடும். விரிப்பை 2 மி.மீ. ஆக்கினால் வளைவு மாட்டும், மொத்த நீளமும் கூடும். சின்ன ஸ்கேல் மேப்பிலோ அந்த வளைவையே வரைந்திருக்க மாட்டார்கள். நூல் வைத்து அளந்தாலும் கிடைக்காது. ஆக, அளக்கிற அளவு மாறினால் ஆறே நீளும், சுருங்கும்! 1967-ல் பிரிட்டன் கடற்கரையின் நீளம் பற்றி மாண்டல்பிராட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் பேசுகிறது.

அடுத்த வம்பு, ஆறு எங்கே தொடங்குகிறது என்பது. முகத்துவாரத்திலிருந்து அதிகத் தொலைவில் உள்ள ஊற்றைத் தேடிப் போவது வழக்கம். நைலுக்கு விக்டோரியா ஏரியோடு நிற்காமல், அதில் வந்து விழும் ககேரா ஆற்றின் தலைவரை போகிறார்கள். நம்ம வைகைக்கு வருசநாட்டு மலை. நீளம் 258 கி.மீ. என்று புத்தகத்தில் இருக்கிறது. சரி, கம்பம் பள்ளத்தாக்கில் ஓடி வந்து தேனி பக்கம் வைகையில் சேருகிற முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்? அது மேற்கே அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டியது. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த அணையும், மலையைக் குடைந்த சுரங்கமும் அதைக் கிழக்கே திருப்பிவிட்டன. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்கள் இரண்டு போகம் காண்பது அதனால்தான். சுரங்கத்தையும் ஆறாக எண்ணி, மலைக்கு அந்தப் பக்கத்து ஊற்றிலிருந்து அளந்தால் வைகைக்கு வேறொரு நீளம் வரும். இயற்கையான வழியை மட்டும் எண்ணுவதால் அது சேருவதில்லை. தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்ன!

முடிவிலும் இதே கதைதான். மேப்பில் வைகை ஆற்றங்கரை என்ற ஊர் பக்கம் கடலில் கலக்கிறது. நிஜத்தில் பெரும்பாலான வருஷம் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டுவதில்லை. 258-ல் அந்தக் காய்ந்த மணலும் அடக்கம்.