மின்னும் விளக்கு சொல்லும் வியாபாரப் பாடம்

ரிமோட் கொன்ட்ரோல் கார்ப் பந்தயம் அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. கடைக்காரருக்கோ நல்ல வியாபாரம். இக்கார்களில் பெற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு அளந்து கொடுப்பது ஸ்பீட் கொன்ட்ரோலர் என்ற சிறு பெட்டி.

2009 அளவில் இப்பெட்டிகளுக்குப் புதிய மென்பொருள் வந்தது. சுழற்சி கூடக் கூட, மோட்டருக்கு மின்சாரம் செல்லும் தருணத்தை அது தானாகவே முற்படுத்தும். இதுவே 'ஒட்டோ டைமிங்'. சாதாரணப் போட்டிக்கென விற்ற 17.5 சுற்று மோட்டரும் அசுர வேகம் பிடித்தது. கூடவே மோட்டர்கள் சூடேறிக் கருகின. புதிய பெட்டி வாங்க வசதியற்றவர் பின்தங்கினார். போட்டியாளர் ஒதுங்கினால் கடைக்கு ஏது வியாபாரம்?

பின்னர் 'ஸ்டொக்' வகுப்புகளில் ஒட்டோ டைமிங் கூடாதென விதி வந்தது. அதை நிறுத்தினால் பெட்டியின் விளக்கு மின்னி மின்னி எரியும். எதையும் கழற்றாமலே நடுவர் கண்டுகொள்வார். டெக்கின் போன்ற தயாரிப்பாளர்கள் கணினி மூலம் மென்பொருளை மாற்றவும் வழி வைத்திருந்தனர். எனவே வாங்கிய பெட்டியை வீசத் தேவையில்லை.

வியாபாரிகளே, நாம் தராசுக்கு முத்திரை வைப்பதும் இதற்காகத்தான். நேர்மை இருந்தால் மட்டும் போதாது. வாங்குபவர் கண்ணுக்கும் அது தெரிய வேண்டும். விற்ற சாமானைக் கைவிடாதவரிடமே வாடிக்கையாளர் திரும்பி வருவார்.