கடையைப் பிள்ளைகளிடம் விட்டு மலையேறினோம்



மளிகைக் கடைக்காரனுக்கு ஊர் சுற்ற நேரம் ஏது? காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் கல்லாவைப் பூட்டுகிறோம். வருடத்தில் முழுநாள் கடையடைப்பு என்றால் மே 5 வணிகர் தினம். அன்றும் மாநாட்டுக்கு வேனில் போய் வேனிலேயே திரும்புகிறோம். இந்த நிலையில் பிரம்மதேசத்திலும் திண்டிவனம் வட்டாரத்திலும் மளிகை வியாபாரம் செய்யும் நாங்கள் பதினோரு பேர், 2025 தை மாதம், காணும் பொங்கல் கழிந்த மறுவாரத்தில், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு உதகமண்டலம் போய் வந்தோம். பதினோரு பேரில் எட்டுப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

ஏன் தை மாதம் என்று கேட்கலாம். வெல்லமும் பச்சரிசியும் விற்று முடிந்து, வாங்கிய இடத்துக்குப் பணமும் கட்டியாகிவிடும். மாசி வரை வியாபாரம் மந்தம்தான். உதகையில் ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். தை இரண்டிலும் சேராது. நமக்கு ஓய்வு கிடைக்கும் நாளில்தான் அவர்களுக்கும் கூட்டம் இல்லை. இது நமக்கு எவ்வளவு பெரிய வசதி என்பது அங்கே போன பிறகே தெரிந்தது.

உளுந்தூர்பேட்டை, ஆத்தூர், சேலம், கோவை வழியாக இரவெல்லாம் ஓடி விடியற்காலை மேட்டுப்பாளையம் சேர்ந்தோம். அங்கே பெரியவர்கள் மலை ரயிலுக்கும், இளையவர்கள் மூவர் வேனோடு மலைப்பாதைக்கும் எனப் பிரிந்தோம். இந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் போட்ட பாதை. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 46 கிலோமீட்டரில் 16 சுரங்கம், 250 பாலம், 208 வளைவு. கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டரில் புறப்பட்டு 2,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்வரிசை வைத்த இரும்புச் சட்டம் வருகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் கொடியோடு நிற்கிறார். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவே. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுகிறார்கள். போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அவசரக்காரருக்கு ஆகாது. ஆயினும் மூட்டுவலி உள்ளவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே மலை முழுவதையும் பார்க்க இதைவிட வேறு வழியில்லை. பயணச்சீட்டை வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும்.

வேனில் போனவர்களின் கதை வேறு. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறை வந்தது. அதைப் பதிவு செய்து வைத்திருந்தோம். ஆனால் நம் கடையிலிருந்தே இரண்டு பெட்டி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஏற்றியிருந்தோம்! நீலகிரியில் அதற்குத் தடை உண்டு என்பது வியாபாரிகளான நமக்கே தோன்றவில்லை. சோதனைச் சாவடியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போக முடிந்தது. தவறு நம்முடையது. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போயிருந்தால் இந்தக் கூத்து இல்லை.

குன்னூரில் ரயில் நின்றபோது ஒரு வேடிக்கை. கடையிலிருந்து கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட்டுகள் எல்லாம் தலையணை மாதிரி உப்பியிருந்தன. "மாமா, சரக்கு கெட்டுப் போச்சா?" என்று எங்களில் ஒருவர் பதறிப் போனார். சரக்குக்கு ஒன்றும் இல்லை. பாக்கெட்டுக்குள் இருப்பது கீழ்நாட்டுக் காற்று. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. உதகையில் அது நம் ஊரில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான். அதே காரணத்தால் தண்ணீர் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. குக்கர் இல்லாமல் அங்கே சமையல் இல்லை. படியேறும்போது நமக்கு மூச்சு வாங்கியதும் இதனால்தான். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது; போன முதல் நாள் ஓடியாடக் கூடாது.

இரண்டாம் நாள் விடியலில் புல்வெளி முழுக்க உறைபனி. உப்பளத்தில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. மரக்காணம் உப்பைப் பார்த்து வளர்ந்த நமக்கு வேறு உவமை தோன்றவில்லை. வெயில் ஏறியதும் ஒரு மணி நேரத்தில் மறைந்துவிட்டது. இதை மே மாதம் போகிறவர்கள் பார்க்க முடியாது.

பிறகு தொட்டபெட்டா. 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயர்ந்த சிகரம். உச்சியில் தொலைநோக்கி நிலையம் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்ததால் வெறுங்கண்ணுக்கே வெகுதூரம் தெரிந்தது. அரசு தாவரவியல் பூங்கா 1848 வாக்கில் மெக்கைவர் என்பவர் அமைத்தது. அங்கே இரண்டு கோடி ஆண்டுப் பழமை என்று சொல்லப்படும் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது. பூங்காவின் மேற்புறம் தோடர் மந்து உண்டு. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் அவர்கள் போடும் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை கூடுதல்தான், ஆனால் பேரம் பேச நமக்கு வாய் வரவில்லை. நூறாவது மலர்க்காட்சியின் நினைவாக 1995இல் அமைத்த ரோஜாப் பூங்காவில் தை மாதம் பூ குறைவு. ஏரியில் படகு உண்டு. நடக்கத் தெம்புள்ள இளையவர்கள் வனத்துறை வழிகாட்டியோடு கெய்ர்ன் ஹில் சோலைக்குள் போய் வந்தார்கள். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் அதுவும் ஒரு சுலபமான பாதை.

நாங்கள் அதிக நேரம் செலவிட்டது மார்க்கெட்டில். பழக்கம் போகுமா? மலைப்பூண்டை நம் கடையில் தனி விலைக்கு விற்கிறோம். அது ஏன் விலை ஏறுகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டோம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் நீலகிரிப் பூண்டை வடமாநில வியாபாரிகள் விதைக்கென்று வாங்கிப் போகிறார்கள். சமையலுக்கு வாங்கும் நாம் அவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக் கடையில் வர்க்கி வாங்கும்போது பேச்சு வளர்ந்தது. நாமும் அதே தொழில் என்றதும் அந்தத் தம்பி ஸ்டூல் எடுத்துப் போட்டார். "சீசன்ல கடலை போட்டா கீழ விழாத கூட்டம். அப்போ நல்ல வியாபாரம்தானே தம்பி?" என்றோம். "எங்கீங்க ஐயா! வண்டி நிறுத்த இடம் இல்லைன்னு கடை வாசலத் தாண்டியே போயிடறாங்க. அரிசி, அடுப்பு, மசாலா எல்லாம் ஊர்லருந்தே கொண்டாந்து ரோட்டோரம் ஆக்கித் தின்னுட்டு எலையப் போட்டுட்டுப் போறாங்க. ஆனா அந்த ரெண்டு மாசம் வர்றதுலதான் மழைக்காலம் பூரா வாடகை கட்டணும்" என்றார். வேனில் இருந்த எங்கள் புளிச்சோற்று மூட்டை நினைவுக்கு வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் பயந்தது போலவே நடந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சீசனுக்கு உச்சவரம்பு வந்தது. இ-பாஸை நீக்கக் கோரி ஏப்ரல் 2இல் அம்மாவட்ட வணிகர்கள் கடையடைப்பு செய்தார்கள். நம் சங்கத்திலும் இதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. மலை தாங்காது என்பது உண்மை. கடைக்காரன் தாங்க மாட்டான் என்பதும் உண்மை. எங்களுக்குத் தோன்றுவது இதுதான்: அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்கு இந்த வரம்பு கிடையாது. அப்படி வருகிறவர்தான் நடந்து போய்க் கடையில் சாமான் வாங்குகிறார். பத்து மாதத்திலும் பரவலாக ஆள் வந்தால் அந்தத் தம்பிக்கு வாடகைக் கவலை பாதி தீரும். மே மாதம்தான் போக வேண்டும் என்று பிள்ளைகளின் பள்ளி விடுமுறை கட்டிப்போடுவது மற்றவர்களை, நம்மை அல்ல. நம் பிள்ளைகள் படித்து முடித்துக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கடையிலேயே தேயிலைத்தூள், வர்க்கி, நீலகிரித் தைலம் என்று பதினோரு பேரும் வாங்கினோம். பூண்டு மட்டும் இறங்கும் வழியில் மேட்டுப்பாளையத்தில் மூன்று மூட்டை எடுத்துக்கொண்டோம். ஊர் வந்து ஒன்பது நாளில் விற்றுவிட்டது, வேன் வாடகையில் ஒரு பங்கு அதிலேயே தேறியது.

அடுத்த தைக்கு இப்போதே பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை வேன் மேட்டுப்பாளையத்தோடு நிற்கும். அங்கிருந்து எல்லோரும் ரயில் அல்லது பேருந்து. சேர விரும்பும் உறுப்பினர்கள் தீபாவளிக்கு முன் சங்கத்தில் சொல்லிவிட வேண்டும். கம்பளி கட்டாயம். புளிச்சோறு வேண்டாம்.