கார் உதிரிபாகம்: வரி குறைந்தும் தீராத விலைச் சுமை

புதுதில்லி: வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் 18 சதவீதம் என ஒரே சீரான ஜிஎஸ்டி வரி 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீத வரி இருந்தது. இந்தக் குறைப்பு கார் உரிமையாளர்களுக்கு ஓரளவு நிம்மதி அளித்தது உண்மையே. ஆனால் வரிக்கு முந்தைய விலையை யார், எந்த அடிப்படையில் நிர்ணயிக்கிறார்கள் என்ற பழைய கேள்விக்கு வரிக் குறைப்பில் விடை இல்லை.

கணக்கு எளிமையானது. வரி நீங்கலாக ரூ.10,000 விலையுள்ள பாகத்துக்கு முன்பு ரூ.12,800 கொடுக்க வேண்டியிருந்தது, இப்போது ரூ.11,800. மிச்சம் ஆயிரம் ரூபாய். அந்தப் பத்தாயிரம் நியாயமான விலைதானா என்பதில்தான் சிக்கலே உள்ளது.

அபராதம் ரூ.2,544 கோடி

இந்தக் கேள்வி 2011-இல் இந்தியத் தொழில் போட்டி ஆணையத்தின் (சிசிஐ) முன் வந்தது. அசல் உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை. அதனால் அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகளையே நாட வேண்டியுள்ளது என்பது புகார். மூன்று நிறுவனங்களுக்கு எதிராகத் தொடங்கிய விசாரணை, பின்னர் 17 நிறுவனங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது.

2014 ஆகஸ்ட் 25-இல் 14 நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்து ஆணையம் உத்தரவிட்டது. டாடா மோட்டார்ஸுக்கு ரூ.1,346.46 கோடி, மாருதி சுசூகிக்கு ரூ.471.14 கோடி, மஹிந்திராவுக்கு ரூ.292.25 கோடி. பாகங்களின் விலை பொதுவாக 100 சதவீதத்துக்கு மேலும், சிலவற்றில் ஏறக்குறைய 5,000 சதவீதம் வரையிலும் கூட்டி வைக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் தெரியவந்தது.

அபராதத்தைவிட முக்கியமானவை ஆணையத்தின் கட்டளைகள். உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தனிப்பட்ட பணிமனைகளுக்கும் கிடைக்க வேண்டும். பாகங்களைத் தயாரித்துத் தரும் ஆலைகள் அவற்றை வெளிச்சந்தையில் விற்பதைத் தடுக்கக் கூடாது. வெளியில் பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ரத்து செய்யக் கூடாது என்று அது கூறியது.

நிறுவனங்கள் வழக்கு தொடுத்தன. விசாரணை விரிவாக்கத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய ஹூண்டாயின் மனு 2015 பிப்ரவரியில் தள்ளுபடியானது. அதே ஆண்டு ஜூலையில் அந்நிறுவனத்துக்கு ரூ.420.26 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் தொடர்பான மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்த போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அபராதத்தை மொத்த விற்றுமுதலுக்குப் பதிலாக உதிரிபாக விற்றுமுதலின் அடிப்படையில் கணக்கிடச் செய்து குறைத்தது. போட்டிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லும் என 2019 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வாறு வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

சந்தையின் எல்லை

தலைநகரின் காஷ்மீரி கேட் பகுதி, நாட்டின் பெரிய உதிரிபாகச் சந்தைகளுள் ஒன்று. ஃபில்டர், பெல்ட், பேரிங், பிரேக் பேட் போன்றவற்றை அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களின் சொந்தப் பெயரிலேயே இத்தகைய சந்தைகளில் வாங்க முடியும். ஆனால் ஒரே மாடலுக்கென வடிவமைக்கப்பட்ட முகப்பு விளக்கு, பம்பர், மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி போன்றவற்றுக்கு மாற்று அரிது. விளக்கைத் தாங்கும் சிறு பிளாஸ்டிக் காது உடைந்தாலும், முழு விளக்கையே மாற்றும் நிலை பல நேரங்களில் ஏற்படுகிறது.

மலிவு விலையைத் தேடிச் செல்பவர்களுக்குப் போலிப் பாகங்கள் என்ற வேறோர் ஆபத்து காத்திருக்கிறது. பிரேக் பேட் போலியானால் விலை பணத்தோடு முடிவதில்லை.

காப்பீடு இருக்கிறதே என்ற ஆறுதலும் முழுமையானதல்ல. வழக்கமான பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதமும், ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதமும் கழிக்கப்படுகின்றன. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்புக்குத் தனி பிரீமியம் செலுத்த வேண்டும்.

பழுதுபார்க்கும் உரிமை

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-இல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கான இணையதளம் தொடங்கப்பட்டது. வாகனங்கள் உள்ளிட்ட நான்கு துறைகளின் பழுதுபார்ப்பு விவரங்களை ஓரிடத்தில் தருவது இதன் நோக்கம். ஆனால் தகவல் தரும் தளம், விலையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஆகிவிடாது.

அதுவரை உரிமையாளரின் கையில் இருப்பவை சிறு தற்காப்புகளே. வேலை தொடங்கும் முன் எழுத்துமூலமான மதிப்பீடு, உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை, ரசீதில் பாகத்தின் எண், கழற்றிய பழைய பாகம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம்.

அரசு வரியைக் குறைத்துவிட்டது. விற்பவர் ஒருவரே என்ற நிலை மாறினால்தான், வரிக்கு முந்தைய அந்தப் பத்தாயிரமும் குறையும்.