8 நாளில் பாதி என்றால், 16 நாளில்?

அம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள் கழித்து, கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். 100 மில்லிகியூரி. நாலு நாள் தனி அறை. டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த தாளில், "சிறு குழந்தைகளிடமிருந்து விலகி இருக்க வேண்டிய நாட்கள்" என்ற இடத்தில் கையால் எழுதியிருந்தது 7-ஆ, 17-ஆ என்று தெரியவில்லை. முன்னால் இருப்பது 1-ஆ, பேனா கீறலா? அன்று சனிக்கிழமை சாயங்காலம். அந்தப் பிரிவு இனி திங்கட்கிழமைதான் திறக்கும். என் மகளுக்கு 2 வயது, பாட்டி மடியில்தான் தூங்குவாள்.

சித்தப்பா உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார். "எட்டு நாள்ல பாதி போயிடும்னு நெட்ல போட்டிருக்கான். அப்ப பதினாறு நாள்ல மொத்தமும் போயிடும். அதனால அது பதினேழுதான்டா!"

இந்தக் கணக்கு தப்பு. ஆனால் நம்மில் பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் 8.02 நாள். 8 நாளில் 100 என்பது 50 ஆகும். அடுத்த 8 நாளில் போவது அந்த 50-இல் பாதி மட்டுமே. 16-ஆம் நாள் 25, 24-ஆம் நாள் 12.5 மிச்சம். 80 நாள் கழித்தும் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும். சூத்திரமாக எழுதினால்:

மீதி = ஆரம்ப அளவு × (1/2)-இன் அடுக்கு (கடந்த நாள் ÷ அரை ஆயுட்காலம்)

ஏன் இப்படி? அணுவுக்கு வயசு கிடையாது. நேற்று உருவான அயோடின்-131 அணுவும் ஒரு மாதமாகத் தாக்குப்பிடித்த அணுவும் அடுத்த நொடியில் சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றேதான். 0.693-ஐ 8.02 நாளின் நொடிகளால் வகுத்தால் அந்த வாய்ப்பு கிடைக்கும்: கிட்டத்தட்ட சரியாகப் பத்து லட்சத்தில் ஒன்று! அன்று ராத்திரி பைத்தானில் ஒரு லூப் எழுதி, பத்து லட்சம் அணுக்களுக்கு நொடிக்கு நொடி இந்தச் சீட்டைக் குலுக்கிப் பார்த்தேன். ஏறத்தாழ 6,93,000 நொடி, அதாவது 8 நாள் தாண்டும்போது பாதி காலி. தியரி படித்தபோது புரியாதது லூப் ஓடும்போது புரிந்தது.

இதே எண்ணை வைத்து இன்னொன்றும் கணக்கிடலாம். 100 மில்லிகியூரி என்றால் நொடிக்கு 370 கோடி சிதைவுகள். அதைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் மொத்த அணுக்கள். எடை போட்டால் 0.8 மைக்ரோகிராம்தான் வருகிறது. தூள் உப்பில் ஒரு துகள்கூட இதைவிடப் பல மடங்கு கனம்.

சிதைவு என்று சொல்கிறோமே தவிர, அணு எங்கும் காணாமல் போவதில்லை. உள்ளே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஒரு எலக்ட்ரானை வெளியே தள்ளுகிறது. 53 புரோட்டான் 54 ஆனதும் அது அயோடின் இல்லை, செனான் வாயு. நம் சித்தர்கள் தேடிய ரசவாதம், அம்மாவின் கழுத்துக்குள்! அந்த அயோடினே இன்னொரு ரசவாதத்தில் பிறந்ததுதான். அணு உலையில் டெலூரியம்-130 ஒரு நியூட்ரானை விழுங்கி டெலூரியம்-131 ஆகிறது. அது 25 நிமிட அரை ஆயுளில் அயோடின்-131 ஆக மாறுகிறது.

இதன் கதையும் சுவாரசியமானது. 1938-இல் பெர்க்லியில் ஜோசப் ஹாமில்டன் என்ற மருத்துவர், தைராய்டு ஆராய்ச்சிக்கு அயோடின்-128-ஐப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். அதன் அரை ஆயுள் வெறும் 25 நிமிடம், சோதனையை முடிப்பதற்குள் கரைந்துவிடும். எவ்வளவு இருந்தால் வசதி என்று கிளென் சீபோர்க் கேட்க, ஒரு வாரம் என்றார் அவர். சீபோர்க்கும் ஜான் லிவிங்குட்டும் டெலூரியத்தைத் தாக்கி எடுத்த புதிய ஐசோடோப்புக்கு 8 நாள் அரை ஆயுள்! பிற்காலத்தில் சீபோர்க்கின் அம்மாவுக்கே தைராய்டு கோளாறுக்கு அதே மருந்துதான் உதவியது.

சரி, 7-ஆ 17-ஆ? அயோடின் சிதைவதோடு, சிறுநீர் வழியாகவும் வெளியேறுகிறது. உடலிலிருந்து பாதி வெளியேற 1 நாள் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு வழியும் சேர்ந்தால் தலைகீழ்களைக் கூட்டணும்: 1/8.02 + 1/1. அதன் தலைகீழ் 0.89 நாள். இந்தக் கணக்குப்படி டிஸ்சார்ஜ் அன்றே 4.4 மில்லிகியூரிதான் மிச்சம், அடுத்த 7 நாளில் அது 0.02. எனவே 7-தான் என்று முடிவு கட்டினேன். ஆனாலும் மகளை விடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அம்மா, இரண்டு பேரும் அழுகை.

திங்கட்கிழமை போன் செய்தேன். 17.

என் கணக்கில் ஓட்டை எங்கே என்று அந்தப் பிரிவில் இருந்த இயற்பியலாளர் பொறுமையாகச் சொன்னார். நான் உடம்பு முழுவதையும் ஒரே டப்பாவாக எடுத்துக்கொண்டேன். ஆபரேஷனுக்குப் பிறகும் துளித்துளியாகத் தைராய்டு திசு மிச்சம் இருக்கும். அதைக் குறிவைத்துத்தானே மருந்தே கொடுத்தது? அது பிடித்து வைத்துக்கொண்ட அயோடின் சிறுநீரில் போகாது. அதற்கு அரை ஆயுள் 1 நாள் இல்லை, ஏறக்குறைய ஒரு வாரம். முதல் சில நாள் வேகமாக இறங்கும் கோடு, பிறகு படுத்துக்கொள்ளும். அவர்கள் நாளைச் சொன்னது, அனுப்பும்போது ஒரு மீட்டர் தள்ளி நின்று மீட்டரில் அளந்த அளவை வைத்து.

சித்தப்பாவிடம் விடை மட்டும்தான் சரி என்று விளக்கப் பார்த்தேன். "விடை சரிதானே" என்றார். 18-ஆம் நாள் காலை ஆறு மணிக்கே அம்மா குளித்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.