பழைய இன்ஜினுக்கு எந்த ஆயில், எந்தப் பெட்ரோல்?

நரிமணத்தில் கச்சா எண்ணெய் எடுத்து, பனங்குடியில் 1993-இல் சுத்திகரிப்பு ஆலையும் கண்ட பகுதி நாகப்பட்டினம் மாவட்டம். ஆனாலும் இங்கே கீழ்வேளூரில் ஒரு பழைய அம்பாசடர் வைத்திருப்பவருக்கு, எந்த ஆயில் ஊற்றுவது, எந்தப் பெட்ரோல் போடுவது என்பதில் ஆளுக்கொரு யோசனைதான் கிடைக்கிறது. அந்தக் காரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் 1950-களின் பிரிட்டிஷ் வடிவமைப்பு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கார் உற்பத்தியையே 2014-இல் நிறுத்திவிட்டது. பட்டறையில் ரீபோர் செய்து, பெரிய பிஸ்டன் போட்டு, ஹெட்டைச் சீவி, கார்புரேட்டரையும் மாற்றிய பிறகு, கம்பெனி கையேடு சொல்லும் இன்ஜினாக அது இருப்பதில்லை. ஆகவே கையேடு, விலை, விளம்பரம் மூன்றுக்கும் முன்னால், இன்ஜினுக்குள் இன்று என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் ஆயில். டப்பாவில் 20டபிள்யூ-50 என்று இருந்தால், முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கும். உறைபனியே அறியாத டெல்டாவில் முதல் எண்ணைக் குறைக்கக் கூடுதல் விலை கொடுப்பதில் பெரிய லாபமில்லை. இரண்டாவது எண்தான் முக்கியம். பேரிங் தேய்ந்து இடைவெளி கூடிய இன்ஜினில், சூடேறிய பின் ஆயில் பிரஷர் இறங்கினால் 50 உதவும். புகை வந்தாலே கெட்டி ஆயில் ஊற்று என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. புகை கொஞ்சம் குறையும். ஆனால் ரிங்கின் தேய்மானம் அப்படியே இருக்கும். புதிதாக ரீபோர் செய்து இடைவெளி நெருக்கமாக உள்ள இன்ஜினில் அதே கெட்டி ஆயில், ஸ்டார்ட் செய்தவுடன் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். அதற்கு 20டபிள்யூ-40 போதும்.

புதிய தரத்து ஆயில்தானே சிறந்தது என்ற கேள்வி நியாயமானது. சுத்தம் செய்யும் திறனில் அது சிறந்ததுதான். ஆனால் இந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட் தட்டையான டேப்பட்டின் மேல் உரசித் தள்ளுகிறது. அந்த உரசலைத் தாங்குவது ஆயிலில் கலந்துள்ள துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம். பாஸ்பரஸ் புகைக்குழாயின் வினையூக்கியைக் கெடுப்பதால், புதிய கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 வகைகளுக்கு அந்த வரம்பு கட்டாயமில்லை. பழைய இன்ஜினுக்கு இந்த வகைகளே ஏற்றவை என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இனி பெட்ரோல். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நீங்கியது. பழைய ஹெட்டின் வால்வு சீட்டுக்கு அதுவரை கிடைத்த பாதுகாப்பும் அத்தோடு போயிற்று. ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான சீட் போட்டுவிடுவது இதற்கு நிரந்தரத் தீர்வு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இதனால் முன்பு 91 ஆக இருந்த ஆக்டேன் 95 ஆனது. சீவிய ஹெட்டில் அழுத்தம் கூடி நாக்கிங் வரும் வண்டிக்கு இது அனுகூலம். ஹெட்டைத் தொடாத வண்டியில் விலை உயர்ந்த பெட்ரோல் போட்டாலும் சக்தி கூடாது.

எத்தனாலால் கேடில்லை என்பவர்கள் உண்டு. ஆனால் பெட்ரோலிய அமைச்சகமே, சில பழைய வண்டிகளில் நீண்ட ஓட்டத்துக்குப் பின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் தண்ணீர் அடியில் தங்கித் துருவேறும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் கலந்த இந்தப் பெட்ரோலுக்குச் சுமார் 13.5 போதும். புதிய கார் சென்சார் வைத்து இதைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. காற்று மிஞ்சி இன்ஜின் சூடேறும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி, சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அப்போது மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் ‘எது நல்ல ஆயில்?’ என்று கேட்பதற்கு முன், என்ன பிஸ்டன், எவ்வளவு சீவல், எந்த ஜெட் என்பதை எழுதி வாங்கி வண்டியிலேயே வையுங்கள். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுங்கள். நிறுத்திவைக்கும் வண்டியைப் பதினைந்து நாளுக்கொரு முறையாவது ஓட்டி, பழைய பெட்ரோலைச் செலவழியுங்கள்.