எண் காட்டும் இடமும் கண் காணும் பொருளும்



அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு கொலம்பியா ஆறு ஓடுகிறது. அதன் கரையோரப் பழைய மலைச்சாலையில் கிரவுன் பாயிண்ட் என்னும் பாறைமுனை உண்டு. ஆற்றுக்கு மேல் சுமார் 220 மீட்டர் உயரத்தில் இருக்கும் அம்முனையில், வழிப்போக்கர்கள் இளைப்பாறவென்று 1918ஆம் ஆண்டில் ஒரு கல் மண்டபம் திறக்கப்பட்டது. அங்கு நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்கு விருந்தாகும்.

இத்தகைய காட்சிமுனைகளுக்கு வருவோரில் சிலர், கையில் ஒரு கருவியோடு மரத்தடியையும் கல்லிடுக்கையும் துழாவுவதுண்டு. அவர்கள் எதையும் தொலைத்தவர்கள் அல்லர். பிறர் மறைத்து வைத்ததைத் தேடுகிறவர்கள். இவ்விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங்.

ஒருவர் நீர் புகாத சிறு பெட்டியில் ஒரு குறிப்பேட்டை வைத்து மறைக்கிறார். அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவிக்கிறார். கண்டுபிடித்தவர் குறிப்பேட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளிருக்கும் சிறு பொருளை எடுத்தால், ஈடான மற்றொன்றை வைப்பது முறை.

வழிகாட்டுபவை ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். துணைக்கோளங்களாகும். அவற்றின் சைகை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தை அறிய நான்கு துணைக்கோளங்களேனும் தேவை. சைகை ஒளியின் வேகத்தில் வருவதால், விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் கணக்கு 300 மீட்டர் தவறிவிடும்!

முன்னர் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்குக் கிட்டும் சைகையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தியது. உடனே, மே 3ஆம் நாள், டேவ் உல்மர் என்பவர் அதே ஒரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை மறைத்து, அதன் எண்களை இணையத்தில் வெளியிட்டார். சில நாள்களுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது. விளையாட்டு பிறந்த கதை இதுதான்.

இனி எண்களைக் கவனிப்போம். கிரவுன் பாயிண்ட் வடக்கே 45 பாகை 32 கலையில் உள்ளது. அட்சரேகையில் ஒரு கலை ஏறக்குறைய 1,850 மீட்டர். இவ்விளையாட்டில் கலையின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை குறிப்பர். அது ஓர் ஆள் நீளமே. ஆனால் கருவியோ சில மீட்டர் பிழைக்கும். மலைச்சரிவு வானத்தை மறைத்தாலும், சைகை பாறையில் பட்டுத் திரும்பினாலும், பிழை இன்னும் கூடும். ஆகவே கடைசிப் பத்து அடிகளில் எண் உதவாது. கண்ணும் அறிவுமே உதவும்.

அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. பார்வை கருவியில் இருக்க, கால் பாறை விளிம்பை மிதித்துவிடலாம். எனவே தடுப்புச் சுவரைத் தாண்டும்படியான இடத்தில் பெட்டியை வைப்பது பெருந்தவறு. நிலத்தைக் காப்போரின் இசைவு வேண்டும், மண்ணைத் தோண்டலாகாது, உணவுப் பொருள் வைத்தால் விலங்குகள் பெட்டியைக் கிழிக்கும். பெட்டியின்மேல் விளக்கம் எழுதப்பட வேண்டும். வெடிகுண்டென்று ஐயுற்றுக் காவலர்கள் விரைந்து வந்த நிகழ்ச்சிகளும் உண்டு.

பெட்டியே இல்லாத ஒரு வகையும் 2004ஆம் ஆண்டு முதல் உள்ளது. அதில் நிலமே புதையல். வந்தவர் பாறையைப் பார்த்து, கேட்ட கேள்விக்கு விடை எழுத வேண்டும். கொலம்பியாப் பள்ளத்தாக்கு அதற்கு ஏற்ற பாடநூல். எரிமலைக் குழம்பு உறைந்த பாறை அடுக்குகளையும், பனியுகத்தின் இறுதியில் பெருவெள்ளங்கள் அரித்துச் சென்ற சுவடுகளையும் அங்கே காணலாம்.

ஆசிரியர்களாகிய நாம் அட்சரேகையை வரைபடத்துக் கோடாகவே கற்பித்து வருகிறோம். மாணவர் மனனம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறக்கிறார்கள். அந்த எண் ஒரு மரத்தடிக்கு நடத்திச் செல்லும் என்று ஒருமுறை கண்டுகொண்ட பிள்ளை அதை மறப்பதில்லை. பெட்டி கிடைக்காமல் திரும்பினாலும், ஓர் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்திருப்பான் அல்லவா?