ஷிப்ட் வீட்டுக்கும் ஒரு கீரைப்பாத்தி

சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்கு வருகிறவர், வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார். எழுந்ததும் தட்டு நிறையச் சோறு. இவர்களில் பலருடைய தாத்தாமார் இந்தச் செம்மண் பூமியில் ஏர் பிடித்தவர்கள். உண்ட கூழை உழைப்பு கரைத்தது. இன்று மண் வெட்டுவது இயந்திரம். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை.

2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகப் பெண்களில் 100-க்கு 31 பேர் மிகை எடை உடையவர்கள். 2019-21 ஆய்வில் இது 40 ஆயிற்று. ஆண்களில் 28 என்பது 37 ஆயிற்று. சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் இதன் பின்னாலேயே வருகின்றன.

சாப்பிடுகிறவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கைக்கு எட்டுவதைத்தான் வயிறு கேட்கும். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று 2020-ல் விதி வந்தது. அதைக் கவனிப்பது பள்ளியின் பொறுப்பு, பெற்றோர் பொறுப்புங்கூட. எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பக்கத்தில் சுண்டலும் வைப்பது கடைக்காரர் பொறுப்பு.

உழவருக்கும் பங்கு உண்டு. நாளொன்றுக்கு ஒருவர் கீரை உட்பட 400 கிராம் காய்கறி உண்ணவேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (2024). நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். அத்தனையும் விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகுமா?

வீட்டுப் புறக்கடையில் 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் பாத்தி எடுங்கள். தொழுஉரம் இட்டுக் கொத்தி, நான்காகப் பிரியுங்கள். வாரத்துக்கு ஒரு பகுதியாக முளைக்கீரை விதையை மணலில் கலந்து தூவுங்கள். சுமார் 25 நாளில் பறிக்கலாம். பறித்த இடத்தில் உடனே மறுபடி விதைத்தால் கீரை இடைவிடாமல் கிடைக்கும். வேலியோரம் செடிமுருங்கை ஊன்றினால் ஆறாம் மாதம் முதல் காய்க்கும். புழு விழுந்தால் வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தால் போதும், பூச்சிமருந்து வேண்டாம்.

சுற்றுவட்டார உழவர்கள் கம்பு, வரகு விளைந்தால் மூட்டையெல்லாம் விற்றுவிடாமல் வீட்டுக்கென்று கொஞ்சம் நிறுத்திக்கொள்வது நல்லது. சாகுபடி யோசனைக்கு விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். தாங்கள் வளர்த்த கீரையை அவர்கள் தட்டில் ஒதுக்கமாட்டார்கள்.